எலுமிச்சை வெந்நீரும் மஞ்சள் பற்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வேளச்சேரியில் உள்ள என் பல் மருத்துவமனைக்கு, ஆடி மாதத்தின் கடைசி வாரத்தில், 33 வயதுப் பெண் ஒருவர் தம் தாயாருடன் வந்தார். சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இரவுப் பணி பார்ப்பவர். தை மாதம் தம்பிக்குத் திருமணம்; அதற்குள் பற்களை வெள்ளையாக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கோரிக்கை. "ரெண்டு வேளையும் தேய்க்கிறா டாக்டர், ஸ்வீட் பக்கமே போறதில்ல. அப்படியும் வருஷா வருஷம் மஞ்சளாத்தான் ஆகுது" என்றார் தாயார். மகள் தம் கைபேசியில் விளம்பரப் படம் ஒன்றைக் காட்டி, இந்த நிறம் வேண்டும் என்றார். அவருடைய சம்மதத்தோடும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன். காபி, தேநீர், வெற்றிலை என்று உணவால் வரும் நிறமாற்றத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பல்லின் மேல் ஏதோ ஒன்று வந்து படிவதையே நாம் நினைக்கிறோம். இவருடைய பல்லிலிருந்தோ ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதைக் கண்டுகொள்ள எனக்கே இரண்டாம் வருகை தேவைப்பட்டது.

முதல் வருகையில் நடந்தது

கீழ் முன்பற்களின் உட்புறத்தில், நாக்கை ஒட்டிய பக்கத்தில், பற்காரையும் அதன்மேல் அடர்பழுப்புக் கறையும் இருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை முறை காபி, டீ என்று கேட்டதற்கு, பால் சேர்க்காத டீயும் கிரீன் டீயுமாக ஐந்தாறு முறை என்றார். நான் அத்தோடு கேள்வியை நிறுத்திக்கொண்டேன். பற்களைச் சுத்தம் செய்து, மெருகேற்றி, டீயைக் குறைக்கச் சொல்லி அனுப்பினேன். காலை முழுக்க நோயாளிகள் நிறைந்திருந்த நாள் அது என்பது காரணமாகலாம், நியாயமாகாது.

மூன்று வாரம் கழித்து அவர் தனியாக வந்தார். உட்புறக் கறை போய்விட்டது, ஆனால் முன்னால் தெரியும் பற்களின் நிறம் இம்மியும் மாறவில்லை. போதாக்குறைக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசுகிறது என்றார். கூச்சம் சுத்தம் செய்ததால் வந்ததா என்று கேட்டேன். இல்லை, ஏழெட்டு மாதமாகவே இருக்கிறது, பல் வெள்ளையாக்க வந்த இடத்தில் அதை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன் என்றார்.

நிறத்தை எங்கே பார்த்தோம், எப்படிப் பார்த்தோம்

பல்லின் நிறத்தைக் கணிக்கும் வீட்டா அளவுச்சட்டத்தில் 16 மாதிரிப் பற்கள் உண்டு; ஏ பிரிவு செம்பழுப்பு, பி பிரிவு செம்மஞ்சள், சி பிரிவு சாம்பல், டி பிரிவு செஞ்சாம்பல் சாயல் கொண்டவை. சிகிச்சை நாற்காலியின் விளக்கை அணைத்துவிட்டு, சன்னலோர வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். பல் உலர்ந்தால் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே செல்ஃபி எடுப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஒரே பிரிவுக்குள் எண் கூடக் கூட நிறம் அடரும். இவருடைய மேல் வெட்டுப்பற்களின் நடுப்பகுதி ஏ3.5க்குப் பொருந்தியது. ஈறை நோக்கிப் போகப் போக மஞ்சள் கூடியது. வெட்டும் விளிம்பிலோ நிறமே இல்லாமல், ஈரக் கண்ணாடியைப் போல, பின்னால் இருக்கும் இருட்டு சாம்பலாகத் தெரிந்தது.

அந்தச் சாம்பல் விளிம்புதான் என்னை நிமிர வைத்தது. காற்றுக்குழாயால் பல்லை லேசாக உலர்த்திப் பார்த்தேன். அவர் தோளைச் சட்டென்று உயர்த்தினார். இளம் வயதினரின் பல்லில் குறுக்கே ஓடும் நுண்ணிய வரிகள் இருக்கும். 33 வயதில் அவை ஓரளவாவது மிஞ்சியிருக்க வேண்டும். இவருக்கு மேல் வெட்டுப்பற்கள் நான்கிலும் அவை முற்றிலும் மறைந்து, பரப்பு பட்டுத் துணியைப் போல வழவழவென்று இருந்தது. சிறு கண்ணாடியை அண்ணத்தின் பக்கம் திருப்பியபோது, முன்பற்களின் பின்புறம் குழிந்து, பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் பெரும்பகுதி போய், உள்ளிருக்கும் டென்டின் மஞ்சளாகத் தெரிந்தது. ஈறை ஒட்டிய ஓரத்தில் மட்டும் மெல்லிய எனாமல் வரம்பு ஒன்று வயல் வரப்பைப் போல மிஞ்சி நின்றது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேடுகளில் கடுகு அளவுக்குச் சிறு குழிகள். சொத்தை என்று சொல்லத்தக்கது ஒரே ஒரு இடத்தில், மேல் கடைவாய்ப் பற்கள் இரண்டின் இடுக்கில், தொடக்க நிலையில் இருந்தது.

அமிலத்தால் ஏற்படும் தேய்மானத்தை மதிப்பிட 2008இல் முன்வைக்கப்பட்ட முறை ஒன்றில், வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருகிறோம். இவருடைய கூட்டுத்தொகை 12; 9 முதல் 13 வரை நடுத்தர ஆபத்து எனக் கொள்ளப்படும். மேல் முன்பற்கள் மட்டும் தனியே முழு 3 பெற்றிருந்தன.

எனாமல் எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமம். இயல்பில் ஒளி ஊடுருவக்கூடியது, நிறமற்றது என்றே சொல்லலாம். அதன் அடியில் இருக்கும் டென்டின் இயல்பாகவே மஞ்சள். எனாமல் தடிமனாக இருக்கும்வரை அந்த மஞ்சள் மங்கலாகத் தெரியும். மெலிய மெலியப் பளிச்சென்று வெளிவரும். ஆகவே இவருடைய மஞ்சளைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பது, சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரியும் சுவரை இன்னும் சுரண்டுவதற்குச் சமம். பல் முளைத்தபின் எனாமலை உருவாக்கிய உயிரணுக்கள் இருப்பதில்லை என்பதால், போனது வளர்ந்து வராது. நான் முதல் நாள் சொன்ன டீக் கறை உண்மைதான்; ஆனால் அது கீழ்ப் பற்களின் உட்புறத்துக் கதை, அவர் கேட்டதோ மேல் பற்களின் வெளிப்புறத்தைப் பற்றி.

நான்கு நாள் உணவுக் குறிப்பு

விடுமுறை நாள் ஒன்றும் சேர, நான்கு நாட்களுக்கு வாயில் போடுவது அனைத்தையும் நேரத்தோடு எழுதிவரச் சொன்னேன். அளவு எனக்கு முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம் என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் கொண்டுவந்த தாள்களை எந்த உணவு ஆலோசகர் பார்த்திருந்தாலும் பாராட்டியிருப்பார்: சர்க்கரை இல்லை, எண்ணெய்ப் பலகாரம் இல்லை, பழம் தாராளம்.

எடையைக் குறைக்கப் பதினான்கு மாதங்களுக்கு முன் தொடங்கிய பழக்கம் முதல் வரியிலேயே இருந்தது. எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் வெந்நீரில் அரை எலுமிச்சம்பழமும் ஒரு கரண்டித் தேனும். கைபேசியைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல உறிஞ்சுவதால் அதற்கு அரை மணி நேரம் ஆகும். குடித்து முடித்ததும் வாய் புளிப்பாக இருக்கிறதென்று உடனே பல் தேய்ப்பார். அதுவும் இணையத்தில் வாங்கிய கரித்தூள் பற்பொடியால். பணிக்குப் போகும்போது ஒரு லிட்டர் பாட்டிலில் எலுமிச்சைத் துண்டுகள் மிதக்கும் தண்ணீர். இரவு முழுவதும் பத்து நிமிடத்துக்கு ஒரு வாய். இடையில் தூக்கம் வராமலிருக்கப் புளி மிட்டாய், கூடவே கிரீன் டீ. விடுமுறை நாளில் பெசன்ட் நகர் கடற்கரையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பத்தை. இவற்றோடு, தூசி ஒவ்வாமைக்காக இரண்டு ஆண்டுகளாகத் தினமும் ஒரு செடிரிசின் மாத்திரை.

பாட்டில் அவர் பையிலேயே இருந்தது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாள் ஒன்றை அதில் நனைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். மஞ்சளாக இருந்த தாள் ஆரஞ்சுக்கு மாறி, அட்டையில் உள்ள 3க்கு அருகில் நின்றது. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை சுமார் 5.5. இந்த அளவுகோலில் எண் குறையக் குறைய அமிலம் கூடும்; ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. ஆக, 3 என்பது அந்த எல்லையைவிட முந்நூறு மடங்குக்கும் மேல் அமிலத்தன்மை உடையது. "தண்ணில ரெண்டு துண்டுதானே டாக்டர் போடறேன்" என்றார். இரண்டு துண்டு போதுமானதாக இருந்தது.

மெல்ல உறிஞ்சுவது ஏன் மோசம் என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். அமிலம் வாயில் பட்டதும் உமிழ்நீர் சுரந்து அதைச் சமன்செய்யத் தொடங்குகிறது; அதில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் மென்மையான பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கெட்டிப்படுத்துகின்றன. சர்க்கரைக்கும் இதே கணக்குதான்: சாப்பிட்ட சில நிமிடங்களில் பல்லின் மேலுள்ள படலத்தின் பிஎச் விழுந்து, பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகிறது என்பதை ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940களில் அளந்து காட்டினார். பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் குடிப்பவரின் பல்லுக்கு அந்த இடைவெளியே கிடைப்பதில்லை. அரைப் பழச் சாற்றை மதியச் சாப்பாட்டோடு ஒரே மூச்சில் குடித்துவிடுபவருக்கு ஏற்படும் சேதம் இவருடையதில் ஒரு சிறு பகுதிகூட இராது.

உமிழ்நீரோ இவரிடம் குறைவு. எதையும் மெல்லாமல் ஐந்து நிமிடம் அளவுக்குழாயில் வடியவிடச் சொன்னதில் 0.6 மில்லிலிட்டர் சேர்ந்தது. அதாவது நிமிடத்துக்கு 0.12. பொதுவாக 0.3 அளவில் இருக்க வேண்டியது இது, 0.1க்குக் கீழே போனால் வாய் வறட்சி நோய் என்றே கொள்வோம். செடிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் வாயை உலர வைக்கக்கூடியவை. குளிரூட்டிய அறையில் இரவு முழுக்கப் பேச்சும் சேர்ந்துகொண்டது. வாய் உலர உலர அவர் எலுமிச்சைத் தண்ணீரை நாடியிருக்கிறார்.

கரித்தூளுக்கு வருவோம். அமிலம் பட்ட எனாமல் சிறிது நேரம் மென்மையாக இருக்கும்; அப்போது தேய்த்தால் கெட்டிப்பட வேண்டிய படலம் துலக்கியோடு வந்துவிடும். சொரசொரப்பான பொடியால் தேய்த்தால் கேட்கவே வேண்டாம். என் பாட்டி உமிக்கரியால்தான் பல் விளக்கினார். நெல் உமியில் சிலிக்கா நிறைய உண்டு, மேற்கறையை அது நன்றாகவே எடுக்கும். அதே சிலிக்கா எனாமலையும் விட்டுவைக்காது என்பது பாட்டியின் எழுபது வயதுப் பற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்று அந்தக் கரி அழகான டப்பாவில், பத்து மடங்கு விலையில் வருகிறது.

வேறு காரணங்களை விலக்கியது

அண்ணத்தின் பக்கம் இப்படிக் குழிந்திருந்தால் வயிற்று அமிலம் மேலேறுவதையும், வலிந்து வாந்தி எடுக்கும் பழக்கத்தையும் கேட்காமல் விடக்கூடாது. உடல் எடையைக் குறைக்க முயலும் ஒருவரிடம் இரண்டாம் கேள்வியைத் தாயார் முன்னிலையில் கேட்க முடியாது. அவர் தனியாக வந்திருந்தது வசதியாயிற்று. நெஞ்செரிச்சல் எப்போதாவது உண்டு, படுத்தால் கூடுவதில்லை, வாந்தி இல்லை என்றார். சேதம் அண்ணப்பக்கத்தோடு நில்லாமல் உதட்டுப்பக்கத்திலும் பரவியிருந்தது வெளியிலிருந்து வரும் அமிலத்தையே சுட்டியது. ஆயினும் இரைப்பை மருத்துவர் ஒருவரைப் பார்த்துவரச் சொன்னேன். குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று கடிதம் வந்தது.

தாயாரிடம் இன்னொரு விளக்கம் இருந்தது: "எங்க குடும்பத்துக்கே மஞ்சப் பல்லு." அவருடைய பற்களையும் பார்த்தேன். முன்பற்களில் இடமும் வலமும் ஒத்த, குறுக்கே ஓடும் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகள். அவற்றிடையே பழுப்புத் திட்டுகள். எந்த ஊர் என்று கேட்டேன். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். பத்து வயதுவரை ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான். இது ஃபுளோரோசிஸ். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகும் இடங்களில், பல் உருவாகிக்கொண்டிருக்கும் ஏறத்தாழ முதல் எட்டு ஆண்டுகளில் அது எனாமலின் அமைப்பைக் குலைக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இது நெடுங்காலச் சிக்கல். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முதன்மை நோக்கமே காவிரி நீரைக் கொடுத்து அதைத் தவிர்ப்பதுதான். மகள் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தக் கோடுகளோ திட்டுகளோ அவரிடம் இல்லை. வாய்வழியே போனதால் நிறம் மாறிய பற்கள்தான் இருவருக்கும். ஆனால் தாயாருக்குப் பல் முளைக்கும் முன்பே நடந்து முடிந்த ஒன்று, மகளுக்குத் தினமும் காலையில் நடந்துகொண்டிருந்தது.

சொத்தை ஏன் ஒன்றே ஒன்று

சர்க்கரையை விட்டதன் பலன் அது. அந்தப் பாராட்டு அவருக்கு உரியது. ஆனால் தேனைச் சர்க்கரையாக அவர் எண்ணவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரையோடு தேனையும் பழச்சாற்றையும் ஒன்றாகவே வைத்து, அவற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு ஆகியவற்றுக்கும் வாயில் உள்ள நுண்ணுயிரிகள் தனி மரியாதை தருவதில்லை. புளி மிட்டாயோ இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கிறது: புளியின் டார்டாரிக் அமிலம், ஒட்டிக்கொள்ளும் வெல்லம். ஸ்வீடனின் வைபெஹோல்ம் காப்பகத்தில் 1940களின் நடுப்பகுதியில் தொடங்கிய, சம்மதம் தரும் நிலையில் இல்லாதவர்கள்மீது நடத்தப்பட்டதால் இன்று யாரும் நியாயப்படுத்த முடியாத ஆய்வு, வேளைக்கு இடையில் தின்னும் ஒட்டும் இனிப்பே சொத்தையை மிக அதிகமாக்கியது என்று காட்டியது.

அப்படியானால் புளிக்குழம்பும் ரசமும் கூடாதா என்று அவர் கேட்டார். நான் அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. சோற்றோடு பிசைந்து விழுங்கும்போது புளி பல்லில் தங்கும் நேரம் குறைவு, மெல்லும்போது உமிழ்நீரும் பெருகும், கடைசியில் தயிரோ மோரோ வருகிறது. தயிரும் அமிலம்தான், ஆனால் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் நிறைந்திருப்பதால் எனாமலிலிருந்து அவற்றை அது இழுப்பதில்லை. குழம்பு, ரசம், மோர் என்ற நம் இலை வரிசை பல்லுக்கு ஒத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பால் டீக்கும் இப்படி ஒரு சாதகம் உண்டு: பாலின் கேசின் புரதம் டீயின் டானினைப் பிடித்துக்கொள்வதால், வெறும் டீயைவிடக் கறை குறைவாகவே படியும். சர்க்கரை இல்லாமல் குடிக்க முடியுமானால் டீக்கடைக் கண்ணாடி டம்ளரை நான் கிரீன் டீயைவிட மேலாக வைப்பேன், பல்லைப் பொறுத்தவரையில்.

சிகிச்சை

கரித்தூள் அன்றே நின்றது. எலுமிச்சைத் தண்ணீர் பாட்டிலில் வெறும் தண்ணீர் என்றானது. எலுமிச்சை வேண்டுமானால் மதியச் சாப்பாட்டோடு மட்டும். எழுந்ததும் முதலில் பல் துலக்குவது, அமிலம் எதுவும் பட்டபின் ஒரு மணி நேரம் துலக்காமல் வாயை மட்டும் கொப்பளிப்பது என்று வரிசையை மாற்றினோம். ஃபுளோரைடும் பொட்டாசியம் நைட்ரேட்டும் உள்ள பற்பசை, மென்மையான துலக்கி. காது மூக்குத் தொண்டை மருத்துவர் மாத்திரைக்குப் பதில் மூக்கில் அடிக்கும் மருந்தைத் தந்தார். மாதம் ஒருமுறையாக மூன்று முறை 5 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசினேன். கடைவாய்ப் பற்களின் குழிகளையும் முன்பற்களின் பின்புறத்தையும் பல்நிறக் கலவையால் ஐப்பசியில் மூடினேன்.

வெளுப்பாக்கத்தை மட்டும் தள்ளிப்போட்டேன். பத்துக்கு எட்டாக இருந்த கூச்சம் மார்கழியில் நான்குக்கு வந்திருந்தது, அதற்கு மேல் இறங்கவில்லை. அந்த நிலையில் பெராக்சைடு வைத்தால் கூச்சம் கூடும் என்று மறுத்தேன். திருமணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அவர் கோபித்துக்கொண்டார், அதன்பின் இரண்டு மாதம் வரவில்லை. வேறெங்காவது செய்துகொண்டிருப்பார் என்றே நினைத்தேன். மாசிக் கடைசியில் வந்தபோது அதே ஏ3.5, கூச்சம் ஒன்று. திருமணப் படங்களில் வாயை மூடியே சிரித்ததாகச் சொன்னார்.

பங்குனியில், பல் வரிசைக்கு அச்செடுத்துச் செய்த உறையில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடை வைத்து, அவர் தூங்கும் பகல் நேரத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வாரத்தில் ஏ2 வந்தது. மேலும் தொடர அவர் விரும்பினார், நான் நிறுத்தினேன். எனாமல் மெலிந்த பல்லை விளம்பரப் படத்தின் நிறத்துக்குக் கொண்டுபோவது மருந்தால் ஆகக்கூடியதல்ல. பெராக்சைடு பட்ட பரப்பில் கலவை உடனே சரியாகப் பிடிக்காது என்பதாலும் நிறம் நிலைப்பட வேண்டும் என்பதாலும் இரண்டு வாரம் காத்திருந்து, சாம்பலாகத் தெரிந்த வெட்டு விளிம்புகளை ஏ2 கலவையால் கட்டினேன்.

ஓராண்டு கழித்து

அடுத்த ஆடியில் எடுத்த அச்சை முதல் ஆண்டு அச்சோடு வைத்துப் பார்த்ததில் ஈறோர வரம்பு அப்படியே இருந்தது. புதிய குழி இல்லை. உமிழ்நீர் நிமிடத்துக்கு 0.26. இடுக்கில் இருந்த தொடக்கச் சொத்தை எக்ஸ்ரேயில் வளரவில்லை என்பதால் அதைத் தோண்டவில்லை. இடதுபுற வெட்டு விளிம்பில் கலவையின் ஒரு துணுக்கு உதிர்ந்திருந்தது; மாங்காய்ப் பத்தையைக் கடித்ததாக ஒப்புக்கொண்டார். அதைச் சரிசெய்தேன்.

தாயாரும் வந்திருந்தார். அவருடைய பழுப்புத் திட்டுகளை மேற்பரப்பை மெல்லிதாகத் தேய்த்தெடுக்கும் முறையால் ஓரளவு மங்கச் செய்யலாம் என்று சொன்னேன். "அறுபது வருஷமா இதோடதான் சிரிச்சிருக்கேன் டாக்டர், விடுங்க" என்றார். மகளின் அடுத்த அச்சு தை மாதம்.